மூன்று பேரை ‘இரட்டை’ என்று எழுதாதீர்கள்

தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கும், பாடநூல் எழுதுபவர்களுக்கும், செய்தி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. அக்கா பிறந்து நான்கு நிமிடம் கழித்து நான், அதற்கு ஏழு நிமிடம் கழித்து தம்பி. ஒரே வயிறு, ஒரே நாள். எங்களுக்கு நாற்பது வயதாகிவிட்டது. எங்களைச் சொல்லத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் இன்னும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

பள்ளியில் சேர்த்த கதையை அம்மா அடிக்கடி சொல்வார். படிவத்தில் ‘இரட்டையரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருந்ததாம். அக்காவுக்கும் எனக்கும் அப்பா ‘ஆம்’ போட்டுவிட்டார். தம்பியின் படிவம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இரட்டை என்றால் இரண்டு, இவனோ மூன்றாவது. பொய் எழுதக் கூசுகிற மனிதர், ‘இல்லை’ என்று போட்டார். எழுத்தர் மூன்று படிவத்தையும் அடுக்கிப் பார்த்தார். “அப்பா பேர் அதே, அம்மா பேர் அதே, பிறந்த தேதியும் அதே. ஆனா இரட்டை இல்லையா? பையனுக்குத் தேதி தப்பா எழுதியிருக்கீங்க சார்” என்று தம்பியின் பிறந்த வருடத்தைத் திருத்தவே போய்விட்டார். அம்மா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். இல்லையென்றால் என்னோடு பிறந்தவன் எனக்கு ஒரு வயது இளையவனாகப் படித்து முடித்திருப்பான்.

எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். குழப்பம் சொல்லில் இருக்கிறது.

இரட்டை என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வேர் ‘இரு’. இரண்டு, இருவர், இருமை, இரட்டு, இரட்டிப்பு எல்லாம் ஒரே குடும்பம். ‘இரட்டை’ அந்தக் குடும்பத்தில் பிறந்த எண்ணுப் பெயர்தான். அதற்குள் தாய் இல்லை, கரு இல்லை, பேறு இல்லை. வெறும் இரண்டு. ஒன்றுக்கு ஒற்றை, இரண்டுக்கு இரட்டை. பிள்ளைகள் கையை மூடிக்கொண்டு ‘ஒற்றையா இரட்டையா’ என்று கேட்கிறார்களே, அங்கே மூன்று புளியங்கொட்டை இருந்தால் அது ஒற்றை. ஆனால் மூன்று குழந்தை பிறந்தால் மட்டும் ‘மூன்று இரட்டைக் குழந்தைகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். நானே இரண்டு முறை அச்சில் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டால் ஆறு குழந்தைகள் வர வேண்டும்.

எழுத்துக்கு வருகிறேன். இரட்டை, ரெட்டை, இரெட்டை என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். பேச்சில் ‘ரெட்டை’ வருவதில் வியப்பில்லை. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ர’வை ‘ரெ’ ஆக்குவது நம் நாக்கின் பழக்கம். ரங்கன் ரெங்கனாவான், ரத்தம் ரெத்தமாகும், இறக்கை ரெக்கையாகும், இரண்டு ரெண்டாகும். கதையில் ஒருவர் பேசுகிற இடத்தில் ‘ரெட்டைப் புள்ள’ என்று எழுதினால் நான் ரசித்துத்தான் படிப்பேன்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ராமன்’ என்பதை ‘இராமன்’ என்று எழுதுகிறோம். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்ற தொல்காப்பிய மரபுக்காக முன்னால் கொண்டுவந்து நிறுத்திய இகரம் அது. விட்டுவிட்டாலும் ராமனுக்கு ஒன்றும் ஆகாது. இரட்டையில் உள்ள இகரம் அப்படிப்பட்டதல்ல. அது வேர். அதை எடுத்தால் ‘இரு’வே போய்விடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், ‘இராமனுக்குப் போட்ட இ தானே இதுவும்’ என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். எழுத்து நடையில் அது கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது வடிவமான ‘இரெட்டை’யை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. பேச்சிலிருந்து ‘ரெ’யை எடுத்துக்கொண்டு, எழுத்திலிருந்து ‘இ’யையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒட்டவைத்த சொல் அது. பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. பாடநூலில் அதைப் பார்த்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள். அப்படியே இரட்டைக் குழந்தைகள், இரட்டைப் பிள்ளைகள், இரட்டைச் சகோதரிகள் என்று நடுவில் க், ப், ச் ஒற்றெழுத்தையும் போட்டுவிடுங்கள். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க அந்த ஒரு புள்ளி எழுத்துத்தானா கிடைத்தது?

சரி, பொருளுக்கு வருவோம். இரட்டையர் என்றதும் கூடப்பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். சொல் அதைச் சொல்லவில்லை. இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற இரு புலவர்களை ‘இரட்டைப் புலவர்கள்’ என்கிறோம். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. ஒருவர் பாதி வெண்பாவைப் பாட மற்றவர் முடிப்பார் என்பது செவிவழி வந்த செய்தி. அவர்கள் அத்தை மகனும் அம்மான் மகனும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூட இல்லை. விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் டென்னிஸில் ‘இரட்டையர் பிரிவு’. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் ‘கலப்பு இரட்டையர்’. அமெரிக்காவின் பாப் பிரையன், மைக் பிரையன் இருவரும் உண்மையாகவே ஒரு கருவில் பிறந்தவர்கள். சேர்ந்து ஆடி 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதினால் ‘இரட்டையர் பிரிவில் இரட்டையர் வெற்றி’ என்றுதான் எழுத வேண்டும். முதல் இரட்டையருக்கும் இரண்டாவது இரட்டையருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வாசகரே புரிந்துகொள்ள வேண்டும்.

வேற்று மொழிகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ட்வின்’ இரண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலையாளம் நம்மைப்போலவே ‘இரட்ட’. இந்தியில் ‘ஜுட்வா’, சேர்ந்தது என்ற பொருளில். நைஜீரியாவின் யொரூபா மக்கள் ‘இபெஜி’ என்பார்கள். பிறப்பும் இரண்டும் சேர்ந்த சொல். இந்த ஒரு மொழியாவது பிறப்பை உள்ளே வைத்திருக்கிறதே என்று எனக்குச் சின்னப் பொறாமை. தாமஸ் என்று பெயருள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு செய்தி: அரமேய மொழியில் தோமா என்றால் இரட்டையில் ஒருவன். தமிழ் விவிலியத்தில் ‘திதிமு என்னப்பட்ட தோமா’ என்று வருகிறதே, அந்தத் திதிமுவும் கிரேக்கத்தில் அதே பொருள்தான். ஒரே பொருளை இரண்டு மொழியில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். பெயரே இரட்டித்துவிட்டது. கூடப்பிறந்தது யார் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை.

தமிழில் இன்னொரு சங்கடம் ஒருமையில் வருகிறது. ‘இரட்டை’ என்பது சோடி. சோடியில் ஒருவரை என்ன சொல்வது? ‘நான் இரட்டை’ என்றால் நாடகத்தில் இரட்டை வேடம் போடுபவர்போல இருக்கிறது. ‘இரட்டையருள் ஒருவர்’ என்று மேடையில் சொல்லலாம், வீட்டில் யார் சொல்வார்? அதனால்தான் இப்போது இளம் பிள்ளைகள் சாதாரணமாக ‘நான் ட்வின்ஸ்’ என்கிறார்கள். தனி ஆள், பன்மைச் சொல். சிரிக்காதீர்கள், சொல் இல்லாத இடத்தில் வாய் இப்படித்தான் வழி தேடும். நாமும் ‘இரட்டையர்’ என்ற பன்மைக்கு மேல் ஒரு ‘கள்’ போட்டு ‘இரட்டையர்கள்’ என்கிறோமே. அதை நான் எதிர்க்கவில்லை, ஆசிரியர்கள் என்று எழுதுகிறவர்கள் இதை எழுதக் கூடாதா? ஆனால் ‘இரண்டு இரட்டையர்கள் தேர்வில் முதலிடம்’ என்று தலைப்பு வந்தால் எத்தனை பேர்? இரண்டா, நான்கா? இதற்கு அகராதியில் விடை இருக்க வேண்டும்.

உறவுப் பெயரிலும் இதே இழுபறிதான். தமிழில் வெறும் சகோதரன் என்று வீட்டில் யாரையும் கூப்பிட முடியாது. அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த நான்கு நிமிடத்துக்காக நான் வாழ்நாள் முழுக்க அக்கா என்று கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் பெயர் சொல்லிக் கத்துவேன். உடனே “நாலு நிமிஷம் முன்னாடி வந்திருக்கேன், மரியாதை” என்பாள். யொரூபாவில் முதலில் வருபவர் தாய்வோ, பின்னால் வருபவர் கெஹிந்தே. ஆனால் மூத்தவர் என்று கொண்டாடப்படுபவர் கெஹிந்தேதான்; வெளியுலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்து வா என்று இளையதை அவர் முன்னால் அனுப்பினார் என்பது அவர்கள் நம்பிக்கை. இதைத் தம்பியிடம் சொன்ன நாள்முதல் அவன் எங்கள் இருவரையும் தங்கச்சி என்கிறான்.

விளையாட்டுக்குச் சொன்னேனே தவிர, அவனுடைய இடம்தான் எனக்கு உறுத்துகிறது. அக்காவும் நானும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், அச்சில் வார்த்த மாதிரி இருப்போம். தம்பி தனிக் கரு. மூவர் பிறக்கும்போது இப்படியும் நடக்கும். மூவரும் ஒரே கருவிலிருந்தும் வரலாம், மூன்று தனித்தனிக் கருவாகவும் இருக்கலாம். கனடாவில் 1934 மே 28 அன்று பிறந்த டியோன் சகோதரிகள் ஐவரும் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள். ஆனால் இரட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் மனதில் வருவது முகச்சாயல். எங்கள் இருவரையும் பார்த்து ‘ரெட்டையா?’ என்று கேட்பார்கள், ஆமாம் என்போம். பக்கத்தில் நிற்கும் அவனைப் பார்த்து ‘தம்பியா? எத்தனை வயசு சின்னவன்?’ என்பார்கள். ஏழு நிமிஷம் என்று அவன் சொல்வான். யாரும் முதல் தடவையில் நம்பியதில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையரைப் பார்த்து ‘ஒரே மாதிரி இல்லையே’ என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. பாடநூலில் ஒருகரு இரட்டையர், இருகரு இரட்டையர் என்று தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அந்தப் பிரிவு வகுப்பறைக்கு வெளியே வரவில்லை. அகராதியில் ‘இரட்டையர்’ என்பதன் கீழ் முதல் வரியிலேயே, உருவ ஒற்றுமை கட்டாயமில்லை என்று எழுதிவிட்டால் எவ்வளவோ நல்லது.

மூன்றுக்குத் தமிழில் சொல் பஞ்சமா என்றால் இல்லவே இல்லை. இலக்கணத்தையே பாருங்கள். சலசல, படபட என்று இணைந்தே வருவதை இரட்டைக்கிளவி என்றார்கள். ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்கிறது தொல்காப்பியம். பிரித்தால் பொருள் தராது. அதே சொல் பொருளோடு இரண்டு, மூன்று, நான்கு தடவை வந்தால்? ‘போ போ’, ‘பாம்பு பாம்பு பாம்பு’. அதை நன்னூல் அடுக்கு என்று வேறு பெயரிட்டது. எண்ணிக்கை மூன்று, நான்கு வரை போகக்கூடிய இடத்தில் ‘இரட்டை’ என்ற பெயரை அவர்கள் வைக்கவில்லை. இதைப் படித்ததும் ‘அடுக்குப் பிள்ளைகள்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வருடத்துக்கு ஒன்றாக அடுக்கடுக்காகப் பெற்றவள் என்று ஊர் பேசும் என்றார். அதுவும் சரிதான்.

சிற்றிலக்கியக்காரர்கள் இன்னும் தெளிவு. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வந்தால் இரட்டைமணிமாலை. காரைக்கால் அம்மையாரே ஒன்று பாடியிருக்கிறார். அதோடு ஆசிரியப்பாவும் சேர்ந்தால் மும்மணிக்கோவை. நான்கு வகைப் பாட்டு வந்தால் நான்மணிமாலை. இரட்டை, மும், நான். எவ்வளவு எளிதாக ஏறிப் போயிருக்கிறார்கள்! தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர் மட்டும் ஒன்பது சொல்கிறார்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பறவைக் குஞ்சுக்கும் மான் குட்டிக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழியில் ஒரு வயிற்றில் பிறந்த மூன்றாவதுக்கு ஒரு பெயர் கிடைக்காதா?

கன்னடத்தில் கிடைத்துவிட்டது. இரட்டைக்கு அவர்கள் சொல் ‘அவளி’. மூன்று பிறந்தால் ‘திரிவளி’ என்கிறார்கள். அவளியின் வாலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஒரு ‘திரி’யைச் சேர்த்துவிட்டார்கள், முடிந்தது வேலை. செய்தித்தாளும் எழுதுகிறது, மக்களும் சொல்கிறார்கள்.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். ‘ஒருசூல் மூவர்’ என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தாவரவியல் பாடத்தில் சூல் என்பதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. பூவின் சூலகத்துக்குள் இருப்பதைச் சூல் என்கிறோம். ஒருகரு என்பதோடு வேறு அது போய்க் கலக்கும். ‘ஓரீற்றுப் பிள்ளைகள்’ என்றேன். “ஈத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்றது, நான் என்ன ஆட்டுக்குட்டியா?” என்று அக்கா எழுந்து போய்விட்டாள். ‘மும்மகவு’ அழகான சொல்தான். பிறந்த அன்று செய்தியில் போடலாம். நரைத்த தலையோடு நிற்கும் என் தம்பியை மகவு என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் வந்து நின்றது ‘மும்மை’. புதிதாகச் செய்ததுகூட இல்லை. ‘மும்மையால் உலகாண்ட மூர்த்தி’ என்று சுந்தரர் தேவாரத்திலேயே இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் போல மும்மைப் பிள்ளைகள். இரட்டையர் போல மும்மையர். ‘நாங்கள் மும்மை’ என்றால் காதுக்கு இடிக்கவில்லை. ‘நான் மும்மையில் ஒருத்தி’ என்று தனி ஆளாகவும் சொல்லிக்கொள்ளலாம். நான்கு பிறந்தால் நான்மை. ‘நான் நான்மையில் ஒருவன்’ என்று சொல்லும்போது கொஞ்சம் நாக்குப் புரளும், அதை அந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். ஐந்துக்கு மேல் சொல் வேண்டாம். 2021இல் மாலி நாட்டுப் பெண் ஒருவருக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்து ஒன்பதும் பிழைத்தன. அங்கே ‘ஒரே பேற்றில் ஒன்பது குழந்தைகள்’ என்று நீட்டி எழுதுவதே நல்லது; படிப்பவருக்கு அந்த வியப்பு வேண்டும்.

இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு மும்மை மேல் பிடிவாதம் ஒன்றும் கிடையாது. பிடிவாதமெல்லாம் மூன்றை இரட்டை என்று எழுதாதீர்கள் என்பதில்தான். படிவம் தயாரிக்கிறவர்கள் உங்கள் அகராதியைப் பார்த்துத்தான் கட்டம் போடுகிறார்கள் என்று நம்புகிறேன். ‘இரட்டையரா? ஆம் / இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘ஒரே பேற்றில் பிறந்த குழந்தைகள் எத்தனை?’ என்று கேட்டு, எண்ணை எழுத ஒரு சின்னக் கோடு விட்டால் போதும். சொல் தேடி யாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரையும் உடன்பிறப்பு, கூடப்பிறந்தவர் என்கிறோம். மூன்று வருடம் கழித்துப் பிறந்தவர் எப்படிக் கூடப் பிறந்தவர் ஆவார்? சகோதரன் என்ற வடசொல்லுக்கும் ஒரே வயிறு என்றுதான் பொருள். வயிறு ஒன்றாகலாம், நாள் ஒன்றல்ல. எழுத்துக்கு எழுத்து பொருள் பார்த்தால் ‘கூடப் பிறந்த’வர்கள் எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான். அந்தச் சொல்லை உலகத்துக்கே தாராளமாகக் கொடுத்துவிட்டோம். திருப்பிக் கேட்கவில்லை, வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒன்று கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த மடலை மூவரும் படித்துப் பார்த்தோம். அக்கா இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினாள். தம்பி எதையும் திருத்தவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயருக்குக் கீழே ‘மும்மையரில் கடைசி’ என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, அப்பாவின் கையெழுத்தைப் போலவே சாய்த்து, ‘இரட்டையரா: இல்லை’ என்று நிரப்பினான்.

இப்படிக்கு,
மூவரில் நடுவில் பிறந்தவள்